எட்டாவது கையெழுத்து

புதுக்கோட்டையில் திருமயம் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது மலர் அடுக்ககம். தரைத்தளம், மேலே மூன்று மாடி, தளத்துக்கு மூன்று வீடு. லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்கு இடம் விட்டிருப்பதாகச் சொல்லித்தான் கட்டியவர் வீடுகளை விற்றார். எந்த இடம் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தரைத்தளத்தில் கிழக்கு ஓரத்து வீட்டுக்கு அமராவதியும் ரெங்கசாமியும் வாடகைக்கு வந்தபோது அவளுக்கு முப்பது வயது முடிந்திருந்தது. ரெங்கசாமி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போட்டார். அமராவதி ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்ததால் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை கிடைத்தது. பிள்ளை இல்லை என்பதைத் தவிர அவர்களுக்குப் பெரிய குறை ஒன்றும் அப்போது இல்லை.

கண் முதலில் இருட்டில்தான் தடுமாறியது. கரண்டு போனால் சுவரைத் தடவினாள். மாலைக்கண்ணாக இருக்கும், முருங்கைக்கீரை சாப்பிடு என்றார்கள். சாப்பிட்டாள். பிறகு வகுப்பில் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் காணாமல் போனார்கள். நடுவரிசை மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்று, கடைசியில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே அமராவதி வேலையை விட்டுவிட்டாள்.

மதுரையில் காட்டினார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது, பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது என்றார் டாக்டர்.

“முழுசாப் போயிருமா சார்?” என்று கேட்டாள்.

“உருவம் தெரியாமப் போகலாம்மா. ஆனா வெளிச்சம் ரொம்ப நாளைக்குத் தெரியும். சில பேருக்குக் கடைசி வரைக்கும் இருக்கும்.”

அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். முகங்கள் போயின, கோலம் போயிற்று, புடவையின் நிறம் போயிற்று. வெளிச்சம் மட்டும் இருந்தது. அது இருந்த இடம் அவள் வீட்டு அடுப்படிச் சன்னல். கிழக்கே காலி இடம். காலையில் வெயில் நேராக உள்ளே வரும். அந்த நேரத்தில் அங்கே நின்றால் அவளுக்கு எதிரே மஞ்சளாக ஒரு பெரிய சதுரம் தெரியும். காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அது வெளுத்துப் போகிற வரைக்கும் நிற்பாள். ரெங்கசாமி அந்த நேரத்தில் அவளை எதற்கும் கூப்பிட மாட்டார்.

அங்கே அவளோடு நிற்கிற இன்னொரு ஆள் பிரகதீஸ்வரி. மூன்றாவது மாடிக்காரி. அமராவதியைவிடப் பத்து வயது இளையவள். கல்யாணமாகி இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் வாரம், பால் பொங்கி அடுப்பு அணைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கீழே ஓடிவந்து கதவைத் தட்டினாள். அன்று ஆரம்பித்தது. கணவன் ஆனந்தராஜ் தன் ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பியதும் காய்கறிக் கூடையோடு இறங்கி வந்துவிடுவாள். அமராவதி வெங்காயம் உரிக்க, அவள் பேப்பர் படித்துச் சொல்வாள். விபத்துச் செய்தியைத் தாண்டிவிடுவாள் என்று அமராவதிக்குத் தெரியும்.

ஆனந்தராஜின் தாயார் மருதாயி, திருமயத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரில் தனியாக இருந்தவர், களத்தில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கீழே நடப்பதைப் பார்ப்பார். அமராவதி துணி காயப்போட வெளியே வந்தால் குரல் வரும்.

“ஏ அமராவதி, சாப்ட்டியா?”

“ஆச்சுங்க அத்தை. நீங்க?”

“நான் என்னத்தச் சாப்பிட. கூண்டுக்குள்ள போட்டுச் சோறு வைக்கிறாங்கெ.”

கீழே நிற்கிறவள் அண்ணாந்து பார்ப்பாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது மருதாயிக்கும் தெரியும். இருந்தாலும் கையை ஆட்டுவார்.

சங்கம் என்று ஒன்று இருந்தது. வீட்டு உரிமையாளர் சங்கம். ஆனந்தராஜ்தான் தலைவர். தண்ணீர் மோட்டார், வண்டி நிறுத்துவது, மொட்டைமாடிச் சாவி என்று மாதம் ஒரு சண்டை. எல்லாவற்றிலும் பெரிய சண்டை லிஃப்ட். எட்டு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் கட்டலாம் என்பது சங்கத்தின் விதி. மேல் மாடிகளில் ஏழு பேர் சம்மதம். நான்கு பேர் முடியாது என்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் தரைத்தளத்து எதிர்வீட்டுத் தமிழ்செல்வன். மிச்சமிருந்த ஒரு வீடு அமராவதி குடியிருந்த வீடு. அதன் சொந்தக்காரர் சிவபிரகாஷ் சிங்கப்பூரில் இருந்தார், எந்தக் கடிதத்துக்கும் பதில் போட்டதில்லை.

கூட்டத்துக்கு வாடகைக்காரர்களைக் கூப்பிடுவதில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு தரப்பும் தனித்தனியாக இவர்கள் வீட்டுக்கு வந்துதான் காபி குடித்துவிட்டு ஆத்திரத்தைக் கொட்டும். ரெங்கசாமி இரண்டு பேருக்கும் “அதுவும் சரிதாங்க” என்பார். வாடகைக்காரர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பொங்கல் கழிந்து சிவபிரகாஷ் போன் செய்தார்.

“அண்ணே, நாங்க இங்கயே தங்கிர்றதா முடிவு பண்ணிட்டோம். வீட்டை விக்கப்போறேன். இம்புட்டு நாள் வீட்டைக் கண்ணா வச்சிருந்தீங்க. மொதல்ல ஒங்களத்தான் கேக்குறேன்.”

ரெங்கசாமிக்குத் துணிவு வரவில்லை. வேறு வாடகை வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுநாள் சாப்பாடு போடும்போது அமராவதி சொன்னாள்.

“இந்த வீட்டுல எனக்குக் கண்ணு இருக்குங்க. எந்த எடத்துல கதவு, எங்க படி, எங்க குழாய்னு கையும் காலும் பாத்து வச்சிருக்கு. இத விட்டுப் போனா நான் ரெண்டாந்தரம் குருடாகணும்.”

ஊரில் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்திருந்த நிலம் இருந்தது. அதை விற்றார்கள். மிச்சத்துக்கு வங்கிக் கடன். சங்கத்திடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றது வங்கி.

ஆனந்தராஜ் அன்றைக்கே வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்ததை அமராவதி குரலிலேயே கேட்டாள்.

“நீங்க வாங்குறது எங்களுக்குத்தாண்ணே சந்தோசம். சான்று என்ன, இப்பவே தர்றேன். ஒரே ஒரு விசயம். லிஃப்டுக்குச் சம்மதம்னு எழுதிக் குடுத்துருங்க. வீடு ஒங்களுக்கு வந்துட்டா நீங்கதான் எட்டாவது ஆளு.”

“எங்கிட்டுக் கட்டுறதா இருக்கீங்க?” என்றாள் அமராவதி.

“எஞ்சினியர் கெழக்கு ஓரத்தத்தான் சொல்றாருக்கா. மேல எல்லாம் படி திரும்புற எடமா வருது. கீழ மட்டும்…” என்று ஆனந்தராஜ் நிறுத்தினார்.

கீழே மட்டும் அது அடுப்படிச் சன்னல்.

அவர் போன சூட்டில் தமிழ்செல்வன் வந்தார். “கையெழுத்துப் போட்ராதீங்க அண்ணே. அக்காவுக்குச் சன்னல் போச்சு, எங்களுக்குக் காத்து போச்சு. நகராட்சி அனுமதியும் கெடையாது. அந்தாளு சான்று தரலைன்னா போகட்டும். நாங்க தனியாச் சங்கம் ஆரம்பிக்கிறோம், நாங்க தர்றோம்.” சொன்னபடி ஆரம்பித்தார்கள். சீல் வைத்துச் சான்றும் கொடுத்தார்கள். பழைய சங்கம் இருக்கும்போது புதுச் சங்கத்துச் சான்று செல்லாது என்று வங்கியின் வக்கீல் திருப்பிவிட்டார்.

அமராவதி யோசிக்க அவகாசம் கேட்டாள். எஞ்சினியரை வரவழைத்து வேறு இடமே இல்லையா என்று கேட்டாள். மேற்கே கழிவுநீர்த் தொட்டி, முன்னால் வண்டிகள், பின்னால் மதில். அவர் சொல்லச் சொல்ல, கையால் காற்றில் கட்டடத்தை வரைந்து பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். காலையில் சன்னலண்டை முன்னைவிட நேரம் கூட நின்றாள். பிரகதீஸ்வரி வருவாள், பேப்பர் படிப்பாள், வெங்காயத்தைப் பற்றிப் பேசுவாள், லிஃப்டைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். கேட்டுவிடுவாளோ என்று அமராவதியும், முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பிரகதீஸ்வரியும் பயந்தபடி மூன்று மாதம் போனது.

சித்திரை வெயிலில் ஒருநாள் அமராவதி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து மருதாயி கூப்பிட்டார்.

“லிஃப்டு வருதாமே ஆத்தா? நெசமா?”

அமராவதி ஈரத் துணியோடு நின்றாள்.

“நான் மண்ண மிதிச்சு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? காலு கெடக்கட்டும். கீழ ஒம்பக்கத்துல ஒரு சேரப் போட்டு ஒக்காந்துட்டுப் போனாப் போதும்.”

பிரகதீஸ்வரி உள்ளேயிருந்து “அத்தை, சும்மா இருங்க” என்று அதட்டுவது கேட்டது.

ரெங்கசாமி மத்தியானம் சாப்பிட வந்தபோது அமராவதி சொன்னாள்: “போட்ருவோம்.”

“ஒஞ் சன்னலு?”

“எப்பிடியும் போகப்போறதுதானே. கொஞ்சம் முன்னாடி போகுதுன்னு வச்சுக்கிர்றேன்.”

“வேண்டாம் அமரா. வேற வீடு பாப்போம். ஒனக்குக் கெழக்குப் பாத்த சன்னலா நான் தேடித் தர்றேன்.”

“அந்தம்மா காலு இருந்தும் எறங்க முடியாமக் கெடக்கு. இதுல எனக்கு வெளிச்சம் பெருசாங்க? போடுங்க.”

வீடு அவள் பேரில் வாங்குவதால் சம்மதக் கடிதத்திலும் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். ரெங்கசாமி அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினார். ஆசிரியையாக இருந்தவளின் கையெழுத்து, அப்போதும் கோணாமல் விழுந்தது. ஆனந்தராஜ் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். பிரகதீஸ்வரி அன்று வரவில்லை.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் போட்டோ எடுக்கிற பெண், “கேமராவப் பாருங்கம்மா” என்றாள்.

“எங்கிட்டும்மா இருக்கு?” என்று கேட்டாள் அமராவதி. வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். ரெங்கசாமி அவள் மோவாயைத் தொட்டுத் திருப்பினார்.

வீடு சொந்தமாகி, இனிப்புப் பெட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனார்கள். தமிழ்செல்வன் கதவை முழுசாகத் திறக்கவில்லை. “சுகருங்க” என்றார். அவர் வீட்டில் யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது. கறிவேப்பிலை, தயிர் உறை என்று தினமும் கை மாறிக்கொண்டிருந்த அந்த வாசல் அன்றோடு சாத்திக்கொண்டது.

லிஃப்ட் வேலை ஆடியில் ஆரம்பித்தது. குழி தோண்டினார்கள், கம்பி கட்டினார்கள். சன்னலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவர் எழும்பியது. முதல் நாள் அந்த மஞ்சள் சதுரத்தின் கால் பங்கு போனது. அடுத்த நாள் பாதி. அதற்கடுத்த நாள் மேலே நாடா போல ஒரு கோடு நின்றது. கொத்தனார் சன்னல் வழியாகக் கூப்பிட்டு, “இன்னும் ரெண்டு வரிசைம்மா. ஏதாவது எடுத்து வைக்கணுமா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல தம்பி, நீங்க கட்டுங்க” என்றாள். அவருக்குக் காபி போட்டு நீட்டினாள். அந்தச் சன்னல் வழியாக வெளியே போன கடைசிச் சாமான் அந்தத் தம்ளர்தான்.

சுவர் முதல் மாடியைத் தொட்டபோது கோர்ட்டிலிருந்து தடை வந்தது. தமிழ்செல்வன் தரப்பு வழக்குப் போட்டிருந்தது. தீர்ப்பு வருகிற வரைக்கும் இருப்பது இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. கட்டவும் கூடாது, இடிக்கவும் கூடாது. ஆட்கள் சாரத்தைக் கூடப் பிரிக்காமல் போய்விட்டார்கள். மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றது, கொசு வந்தது. தடை வந்ததை மருதாயியிடம் யாரும் சொல்லவில்லை. “எப்ப முடியும்?” என்று அவர் மேலேயிருந்து கேட்பார். “முடிஞ்சுரும் அத்தை” என்பாள் அமராவதி.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மருதாயிக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. ஸ்டிரெச்சர் படித் திருப்பத்தில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் கட்டி, நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். “பாத்து… பாத்து… இங்கிட்டுச் சாயி” என்ற குரல்கள் ஒவ்வொரு மாடியாக இறங்கி வருவதை அமராவதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடியில் குரல்கள் நின்றன. பிறகு பிரகதீஸ்வரி அலறினாள்.

துக்கத்துக்கு ரெங்கசாமி அவளை மேலே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் படிகளில் அவள் அதிகம் ஏறியதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கீழேதான் வந்தார்கள். கூடத்தில் பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். மருதாயியின் காலைத் தடவிக் கண்டுபிடித்துத் தொட்டுக் கும்பிட்டாள். பாதம் மெத்தென்று பிள்ளைப் பாதம் போல இருந்தது. வயலில் நடந்த கால், நடக்காமலே கிடந்து காய்ப்பெல்லாம் உதிர்ந்திருந்தது.

அவள் எழுந்தபோது ஆனந்தராஜ் பக்கத்தில் வந்தார்.

“மூணு மாசம் யோசிச்சீங்களேக்கா. அந்த மூணு மாசத்தக் குடுத்திருந்தா, அவெங்கெ கேசு போடுறதுக்குள்ள லிஃப்டு முடிஞ்சிருக்கும். எங்கம்மா ஒக்காந்துக்கிட்டே எறங்கிருக்கும்.”

ரெங்கசாமி, “ஆனந்து, என்னப்பா பேசுற?” என்றார். அமராவதி அவர் கையை அழுத்திப் பிடித்தாள். பிரகதீஸ்வரி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். அவள் அங்கேதான் இருந்தாள். மூக்கை உறிஞ்சுவது பக்கத்திலேயே கேட்டது. ஒரு சொல்லும் வரவில்லை.

கீழே வந்ததும் ரெங்கசாமி கோபத்தில் நடந்துகொண்டே இருந்தார். “சன்னலையும் குடுத்தோம், கெட்ட பேரும் நமக்கா? அந்தச் செவுர இப்பவே ஒடைக்கிறேன், எவன் கேக்குறான்னு பாப்போம்.”

“ஒடச்சா ஒங்களப் பிடிச்சு உள்ள வைப்பாங்க. ஒக்காருங்க,” என்றாள். அவர் உட்கார்ந்ததும், “அவன் சொன்னதுல பொய்யி இல்லீங்க. நான் ஒரு நாளுக்கு ஒரு நாளுன்னு தள்ளிக்கிட்டேதானே இருந்தேன்,” என்றாள்.

பிரகதீஸ்வரி பிறகு வரவில்லை. படியில் இறங்குகிற சத்தம் கேட்கும். இவர்கள் வாசலுக்கு நேராக வரும்போது நடை வேகமாகும். ரெங்கசாமி காலையில் தானே உட்கார்ந்து பேப்பர் படித்துச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு எதைத் தாண்டுவது என்று தெரியவில்லை, எல்லா விபத்தையும் படித்தார். நாலு நாளில் அதுவும் நின்றது.

இந்த வைகாசியில் ஆனந்தராஜ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போவதாகக் கேள்விப்பட்டார்கள். அம்மா செத்த படியில் ஏறி இறங்க முடியவில்லை என்றாராம். சாமான் ஏற்றுகிற அன்று, ரெங்கசாமி கடைக்குப் போன பிறகு, கதவு தட்டப்பட்டது.

“நான்தாங்க்கா.”

“வா பிரகதி. ஒக்காரு. காபி போடுறேன்.”

பிரகதீஸ்வரி அவள் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். அமராவதி தடவாமல் டப்பாவை எடுத்து, அளவாகத் தூள் போட்டாள்.

“அன்னைக்கு அவரு அப்பிடிப் பேசுனப்ப நான் வாயத் தொறந்திருக்கணுங்க்கா. எனக்கு… என்னமோ வாயே வரல.”

“விடுடி. வீட்டுல எழவு விழுந்திருக்கு, அப்ப என்னத்தப் பேச?”

“இருட்டாக் கெடக்கேக்கா. லைட்டப் போட்டுக்கிற வேண்டியதுதானே?”

அமராவதியின் கை பாலில் நின்றது. “போட்டுத்தானே இருக்கேன்? தெனமும் காலையில அவரு போட்டுட்டுத்தானே போவாரு.”

பிரகதீஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். டியூப்லைட் எரியவில்லை. சுவர் மறைத்த அந்த அறையில் பட்டப்பகலில் அடுப்பின் நீலத்தைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. எட்டிச் சுவிட்சைப் போட்டாள். அறை பளீரென்று ஆனது. அமராவதி முகத்தில் எதுவும் மாறவில்லை.

“அக்கா, இப்பத் தெரியுதா?”

“என்னது?”

பிரகதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “எப்பங்க்கா போச்சு?” என்றாள், கிசுகிசுப்பாக.

அமராவதிக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. அடுப்பை அணைத்தாள். மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலடி. செவுரு வந்த பெறகு காலையில இங்க நின்னா ஒண்ணும் தெரியாது. செவுருதான் மறைக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். டியூப்லைட்டு வெளிச்சம் எனக்கு முன்னையே அவ்வளவாத் தெரியாது. வெளிய போறப்பவும் மூட்டம் போட்டிருக்குன்னு… கண்ணு எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாமப் போயிருச்சு.”

பிரகதீஸ்வரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அமராவதி அழவில்லை. சின்னவளின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, “அவருகிட்டச் சொல்லிராத. செவுராலதான் வெளிச்சம் தெரியலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. கேசு முடிஞ்சா ஒடச்சிரலாம்னு சொல்லிக்கிட்டு இருக்காரு,” என்றாள்.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஆனந்தராஜ் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது, தொண்டையைச் செருமினார், “வாரேங்க்கா” என்றார். “நல்லா இருங்கப்பா” என்றாள். பிரகதீஸ்வரி காபியைக் குடிக்காமலே போனாள். அமராவதி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த மாதம் மூன்றாவது மாடிக்கு ஒரு புதுக் குடும்பம் வாடகைக்கு வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா அன்று மட்டும் கட்டடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒருவரோடு ஒருவர் பேசாமல் கிளம்புவார்கள். உரிமையாளர் என்ற முறையில் அமராவதிக்கும் சம்மன் வரும். ரெங்கசாமி போய்வருவார்.

புது வீட்டுப் பெண் ஒருநாள் தண்ணீர் வரவில்லை என்று கேட்க வந்தாள். பேசிவிட்டுக் கிளம்பும்போது, “நீங்களும் வாடகைதானாக்கா?” என்றாள்.

“இல்லம்மா. சொந்த வீடு.”

“குடுத்து வச்சவங்க. நாங்க எப்ப வாங்கப் போறோமோ.”

அமராவதி சரி என்பது போலத் தலையசைத்தாள். மோட்டார் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, அவள் மேலே ஏறி முடிக்கும் வரைக்கும் கதவைப் பிடித்தபடி நின்றாள்.